ரிக்கில் நிற்கும் பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தைப் பற்றி நீங்கள் மறையுரை கேட்டிருக்க மாட்டீர்கள். ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை. புதிதாக வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும் என்பது அதன் பொருள். அதற்கு முந்தின வசனங்கள் பறவைக் கூட்டைப் பற்றிப் பேசுகின்றன. அடுத்த வசனம் திராட்சைத் தோட்டத்தில் எதை விதைப்பது என்று சொல்கிறது. இவற்றுக்கு நடுவே, ஒரு கொத்தனாரிடம் சொல்வதுபோல, கடவுள் சுவரைப் பற்றிப் பேசுகிறார். அந்த நாட்டில் மாடி என்பது படுத்து உறங்குகிற இடம், விருந்தாளி வந்து தங்குகிற இடம். வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் விளிம்பு இருட்டிலும் தெரியும். விழுகிறவன் புதிதாக வந்தவன்.

ஏப்ரல் 28ஆம் நாளைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வேலையிடப் பாதுகாப்பு நாளாக 2003 முதல் கடைப்பிடித்து வருகிறது. மே 1 தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955இல் அதை ஏற்படுத்தினார். இந்த இரண்டு நாள்களும் அடுத்தடுத்து வருகிற இந்த வாரத்தில், புதிதாக வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளில் ஒருவனை நினைத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அவன் ரிக்கில் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறான். அதுவும் வைரமுனை வைத்துப் பாறையைத் துளைக்கிற ரிக்.

திருவிடைமருதூர்ப் பக்கம் நமக்கு அந்த வேலை தெரியாது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் நம் காலடியில் ஆழத்துக்கு இருக்கிறது. நம் ஊரில் போர் இறக்க வைரம் தேவையில்லை. ஆனால் சம்பா அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாத பிள்ளைகள் சேலத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஒடிசாவுக்கும், கடல் தாண்டி சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அங்கே சுரங்கம் வெட்டுவதற்கு முன்னாலும், பாலத்துக்கும் அணைக்கும் அடித்தளம் போடுவதற்கு முன்னாலும் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். மோதிரம்போல் வளையமாக இருக்கும் முனையில் வைரத் துகள் பதித்திருப்பார்கள். அது சுற்றிச் சுற்றி அறுக்க, நடுவில் இருக்கிற கல் ஒரு தடியைப்போல் குழாய்க்குள் ஏறி நிற்கும். அதை மேலே இழுத்து, உடையாமல் எடுத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டரில் வந்தது என்று எழுதிவைப்பது ஹெல்பரின் வேலை. கடவுள் படைத்த நாள்முதல் மனிதர் கண் படாத கல்லை முதலில் தொடுகிறவன் அந்தப் பையன்தான். யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஊர்களுக்கு எட்டாத இடத்தில் பாறையைக் குடைந்து, கயிற்றில் ஊசலாடி, இருட்டுக்குள் விலையுயர்ந்த கல்லைத் தேடுகிற ஆள்கள் அங்கே வருகிறார்கள். வழிப்போக்கர் அவர்களை மறந்துவிட்டார்கள் என்கிற குறிப்பும் இருக்கிறது.

அந்த வேலையில் ஆபத்து எங்கே இருக்கிறது? நம் வயலில் பம்புசெட் பெல்ட் ஓடும்போது முந்தானை பட்டால் என்ன ஆகும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். ரிக்கில் சுழல்கிற ராடு நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றும், சிறிய முனை என்றால் ஆயிரத்தையும் தாண்டும். பார்க்க வழவழவென்று நின்ற இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். தோளில் போட்ட துண்டு, பொத்தான் போடாத சட்டைக் கை, பின்னால் தொங்கும் கயிறு, எது பட்டாலும் கையை விலக்க நேரம் கிடைக்காது. கையுறை போட்டிருக்கிறோமே என்று சுழல்கிற ராடின் அருகே கையைக் கொண்டுபோனால், கையுறையே கையை உள்ளே இழுத்துவிடும். ராடைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வைத்திருப்பது இதற்காகத்தான். கூண்டைத் திறந்தால் எந்திரம் தானாக நிற்கும்படி பல ரிக்குகளில் அமைத்திருக்கிறார்கள். வேலை தாமதமாகிறது என்று அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. கட்டின கைப்பிடிச் சுவரை இடித்துப்போடுகிற வேலை அது.

இங்கே ஒரு விஷயத்தை ஒரு குருவானவர் சொன்னால்தான் எடுபடும் என்பதால் சொல்கிறேன். தம்பி, கழுத்தில் இருக்கிற செபமாலையையும் உத்தரியத்தையும், வேளாங்கண்ணியில் கையில் கட்டிய கயிற்றையும் ரிக்கில் ஏறுமுன் கழற்றிப் பையில் பத்திரமாக வை. மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டுப் போட்டுக்கொள்.

அடுத்தது கையும் காலும். 3 மீட்டர் ராடு ஒன்று, அளவைப் பொறுத்து, 23 முதல் 35 கிலோ எடை வரும். 300 மீட்டர் துளை என்றால் 100 ராடு. வைரமுனை தேய்ந்தால் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, முனையை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். முதல் பத்து ராடில் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். எண்பதாவது ராடில், இரவு இரண்டு மணிக்கு, கிளாம்புக்கும் ராடுக்கும் நடுவே விரல் போவது தெரியாது. கல் ஏறிய குழாயைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது அதன் வாய்க்குக் கீழே கையை வைக்கக் கூடாது. கல் வழுக்கி விழும். குழாயில் கல் சிக்கிக்கொண்டால் தண்ணீரை அழுத்திச் செலுத்தி வெளியே தள்ளுவதுண்டு. அந்த நேரத்தில் குழாயின் வாய்க்கு நேரே நிற்கிறவன் துப்பாக்கிக்கு நேரே நிற்கிறான். தண்ணீர் நின்றுபோய் வறட்டுத் துளையாகப் போடும்போது எழுகிற பாறைத்தூசி இன்றைக்கு ஒன்றும் செய்யாது. பல ஆண்டு கழித்து நுரையீரலை இறுக்கும். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் அந்த இருமலைப் பற்றிச் சொல்வார்கள்.

மின்கம்பியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. ரிக்கின் கோபுரம் அந்தத் தேரைப்போலத்தான். இடம் மாற்றும்போது கோபுரத்தைப் படுக்கவைத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். நூறு அடிதானே என்று நிற்கவைத்தபடியே ஓட்டும்போது, கீழே தரையில் வண்டியைத் தொட்டுக்கொண்டு நடந்துவருகிறவன் ஹெல்பர். ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறவர் பல சமயம் பிழைத்துக்கொள்வார்.

இப்படி ஒன்று நடந்துவிட்டால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? “அவன் விதி அவ்வளவுதான்” என்கிறோம். பக்தியுள்ளவர்கள் “ஆண்டவர் சித்தம்” என்கிறார்கள். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு தாமே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். எனக்குப் பல நாளாக இந்த இடம் உறுத்திக்கொண்டிருக்கிறது. செத்தவனின் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கிறவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றால், அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்களும் பழுது பார்க்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம் அல்லவா? ஆண்டவர் சித்தம் என்று நாம் சொல்லி முடித்துவிட்டால், கூண்டைக் கழற்றியவரை யாரும் கேட்க மாட்டார்கள். கடவுளின் பெயரைச் சொல்லி ஒரு மேஸ்திரியைத் தப்பவைப்பது பக்தி ஆகாது.

புனித இரண்டாம் யோவான் பவுல் இளவயதில், நாட்சிகள் போலந்தைப் பிடித்திருந்த காலத்தில், கிராக்கோவ் நகரின் கல் குவாரியில் கூலிவேலை செய்தவர். வெடிவைத்தபோது பறந்த கல் தாக்கி ஒரு தொழிலாளி இறந்ததை அவர் அங்கே கண்டார். கடைசிவரை அதை மறக்கவில்லை; அதைப் பற்றிக் கவிதையும் எழுதினார். திருத்தந்தையான பின் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உடல்நலத்தைக் கெடுக்காத வேலையிடம் தொழிலாளியின் உரிமை என்று எழுதினார். முதலாளியின் இரக்கம் என்று எழுதவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1995இல் ஏற்றுக்கொண்ட சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கையில், ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிப்போக உரிமை உண்டு என்று இருக்கிறது. நம் நாட்டின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் சுரங்கம் என்ற சொல்லுக்குள் துளைக்கிணறுகளைச் சேர்த்திருந்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நம் பிள்ளையின் வாயிலிருந்து சொல் வர வேண்டுமே, அங்கேதான் சிக்கல். நாம் பிள்ளைகளை மரியாதையாக வளர்க்கிறோம். அண்ணன் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, வேலை கொடுத்தவர் மனம் கோணக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் டிரில்லர் “போடா, ஓடும்போதே கழற்று” என்றால், அவன் “இல்லண்ணே, நிறுத்துங்க, கழற்றுகிறேன்” என்று சொல்ல மாட்டான். பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்களே என்று கையை நீட்டிவிடுவான். ஆகவே பெற்றோரே, வழியனுப்பும்போது இன்னொரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நிறுத்தச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது, அதனால் வேலை போனால் வீட்டுக்கு வா, கஞ்சி இருக்கிறது. அந்த உறுதி இல்லாதவனால் வாய் திறக்க முடியாது. கடன் வாங்கி அனுப்பின பிள்ளைக்கு இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

டிரில்லராகவும் மேஸ்திரியாகவும் இருக்கிற அண்ணன்மாரே, நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ராடைத் தொடுமுன் எந்திரம் நின்றுவிட்டதா என்று பார்க்கிறவர் நீங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று புதுப்பையனுக்கு முதல் நாளே காட்டி, அவன் கையாலேயே ஒருமுறை அழுத்தவைக்கிறவர் நீங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றவனை இரவு ஷிப்டுக்கும் நிறுத்தினால், அடுத்த நாள் நடப்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து ரிக் கிளம்பிய பிறகும் துளை அங்கேயே இருக்கிறது. 2019 அக்டோபர் 25ஆம் நாள் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நாளிலும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட வந்த பெரிய ரிக்குகளைப் பாறை தடுத்தது. 29ஆம் தேதி உடலைத்தான் எடுக்க முடிந்தது. பயன்படாத துளையை நிரப்ப வேண்டும், குழாய் வாய்க்கு இரும்பு மூடி போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே உத்தரவிட்டிருந்தது. அதற்கும் முன்னால் விடுதலைப் பயணம் 21ஆம் அதிகாரம், குழியைத் திறந்துவைத்து மூடாமல் போனவன் அதில் விழுந்த மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. ராடை எடுத்த கடைசித் துளையை அடைத்து மூடுகிற வேலையும் பெரும்பாலும் ஹெல்பருக்குத்தான் வரும். தம்பி, லாரி புறப்படுகிறது என்று ஹாரன் அடித்தாலும் அதை முடித்துவிட்டு ஏறு.

மே 1 திருப்பலியில் வழக்கம்போல் தொழில் கருவிகளை மந்திரித்துக் கொடுப்போம். மண்வெட்டி, அரிவாள், கரண்டி, தறி நாடா எல்லாம் வரும். இந்த ஆண்டு உங்களிடம் இருக்கிற ஹெல்மெட்டையும் பூட்சையும் கொண்டுவந்து பீடத்தின் முன் வையுங்கள். வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், திருப்பலியில் வாசிப்போம். அன்று இரவு அவர்களுக்குப் போன் செய்யும்போது சம்பளம் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணி நேரம் தூங்கினாய், அந்தக் கூண்டு மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.