சக்கரங்களின் மீது ஓர் இல்லம்



வீட்டை விட்டுச் செல்வதே பயணம் என்பது வழக்கு. வீட்டையே உடன்கொண்டு செல்வாரும் உளர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885ஆம் ஆண்டிலேயே 'வாண்டரர்' என்னும் வண்டி வீட்டில் இரு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். அவ்வண்டியின் வழித்தோன்றல்கள் இன்று அமெரிக்கச் சாலைகளில் பல பெயர்களுடன் ஓடுகின்றன. பெயர்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. வீட்டை நகர்த்தும் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும். வகை தானே விளங்கிவிடும் என்பேன்.

எஞ்சினும் இல்லமும் ஒரே வண்டியாக அமைந்தால் அது மோட்டார் இல்லம். பேருந்தை ஒத்தது 'ஏ' வகுப்பு. வேனுக்குள் அடங்குவது 'பி' வகுப்பு. ஓட்டுநரின் தலைக்குமேல் படுக்கை நீண்டிருப்பது 'சி' வகுப்பு. சிறு லாரியின் முதுகில் இல்லத்தை ஏற்றிச் செல்வதும் உண்டு. நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் அமெரிக்காவைச் சுற்றிவந்தது அத்தகைய வண்டியிலேதான்.

காரின் பின்னே இழுபட்டு வருவது டிரெய்லர். இங்கேதான் விழிப்பு வேண்டும். சாமான்களைப் பின்கோடியில் குவித்தால், வேகத்தில் டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் காரையும் கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, முன்னுள்ள இணைப்பின்மேல் அழுந்த வேண்டும் என்பர். 'ஐந்தாம் சக்கரம்' என்னும் வகையில், இணைப்பு லாரியின் பின் அச்சை ஒட்டி மேலே அமைவதால் அவ்வாட்டம் குறைவு.

மெத்தையின் மென்மையைப் பார்த்து வண்டியைத் தேர்பவர் பலர். நான் முதலில் பார்க்கச் சொல்வது எடையை. சுகமாக உறங்குவதற்கு முன், பத்திரமாக ஊர்போய்ச் சேரவேண்டும் அல்லவா?