மாணவர் மதிப்பீடு: தாளிலா, கணினியிலா?



நாங்கள் படித்த காலத்தில், கற்பித்த முறை எப்படியென்று மாணவியரிடம் எழுதிக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. இன்று எங்களிற் பலர் பல்கலைக்கழகங்களிலும் தாதியர் கல்லூரிகளிலும் கற்பிக்கிறோம். கற்கைநெறி முடியும்போது மாணவரிடம் மதிப்பீடு பெறுகிறோம். அதைத் தாளில் பெறுவது நல்லதா, கணினியில் பெறுவது நல்லதா?

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளர் 1920களிலேயே இதற்கென அளவுகோலொன்றை உருவாக்கினார். ஏறக்குறைய எங்கள் சங்கத்தின் வயதுதான் அதற்கும்.

தாளை விரிவுரை மண்டபத்திலேயே கொடுத்து வாங்குவதால், வந்தவர்களில் பெரும்பாலோர் நிரப்பித் தருவர். ஆனால் அன்று வராதவரின் கருத்துக் கிடைக்காது. பாடம் விளங்காமல் வராது விட்டவரும் அவர்களுள் இருக்கலாம். கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் எண்களுக்கு வட்டமிட்டுவிட்டு, கருத்துக்குரிய இடத்தை வெறுமையாக விடுவர். தொகுக்க ஆளில்லாவிட்டால் படிவங்கள் அலுமாரியிலேயே கிடக்கும்.

கணினியில் தொகுப்பது இலகு. எழுதுவோரும் பெரும்பாலும் விரிவாக எழுதுவர். ஆனால் எழுதுவோர் தொகை குறைந்துவிடுகிறது. 60 பேருள்ள வகுப்பில் 15 பேர் மட்டும் எழுதினால், மிக விரும்பியவரும் மிக வெறுத்தவருமே பேசினார்களோ என்ற ஐயம் எழும். பதிவு இலக்கம் கொடுத்து உள்நுழையும்போது, தாளில் இருந்த பயம் இங்கும் வந்துவிடும்.

இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் சராசரிப் புள்ளிகளிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே கருவியிலும் பார்க்க நம்பிக்கையே முக்கியம். மருத்துவர்களாகிய நாங்கள் இதை நோயாளரிடம் கற்றிருக்கிறோம். செவிகொடுப்போம் என்று தெரிந்தால்தான் அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

ஆகவே, கணினிப் படிவத்தையும் வகுப்பு நேரத்திலேயே கைத்தொலைபேசியில் நிரப்பப் பத்து நிமிடம் கொடுப்போம். அந்நேரம் கற்பித்தவர் வெளியே நிற்கட்டும். பரீட்சைப் பெறுபேறு வெளியான பின்பே அவர் கருத்துகளைப் பார்க்கட்டும். அடுத்த அணியின் முதல் வகுப்பில், "முன்னையவர்கள் இதைச் சொன்னார்கள், இதை மாற்றினோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது" என்று சொல்வோம். கடைசி வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளை எழுதத் துணிவது அதன் பின்புதான்.

சகோதரிகளே, நீங்கள் எந்த நாட்டில் கற்பித்தாலும் இதைச் செய்து பாருங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதிருந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்கமாட்டாள்.