எத்தனை லிட்டர், எத்தனை ஈத்து?

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் வாயில் முதலில் வருவது, "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதுதான். எத்தனை ஈத்துக்குக் கறக்கும் என்று கேட்பவர் குறைவு. மாட்டுக்காரர் கையில் காசு நிற்பதும் நிற்காததும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

கிடேரிக் கன்று தலையீத்து ஈனும்வரை இரண்டரை, மூன்று வருஷம் சும்மா தின்று வளர்கிறது. அந்தச் செலவு முதல் ஈத்துப் பாலில் திரும்பி வராது. கறவை உச்சத்துக்கு வருவதே மூன்றாம் ஈத்துக்கு மேல். அதற்குள் மடி கெட்டு விற்றுவிட்டால், நல்ல பாலைக் கண்ணால் காணாமலே கொடுத்துவிடுகிறோம். அதிகக் கறவைக்குப் பேர்போன ஹோல்ஸ்டீன் மாடு அமெரிக்கப் பண்ணைகளில் சராசரியாக 3 ஈத்துகூட நிற்பதில்லை. ஆனால் ஒரு பசு 20 வருஷம் வரை உயிரோடு இருக்கக்கூடியது! சினை பிடிக்காதது, கால் நோவு, மடிநோய், இந்த மூன்றும்தான் பெரும்பாலும் அதை வெளியே அனுப்புகின்றன.

மடியைப் பார்க்க மாட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பின்மடி இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் தெரிய வேண்டும். மடியை உடம்போடு தூக்கிப் பிடிக்கும் நடுநார் வலுவாக இருப்பதற்கு அதுவே அடையாளம். நார் தளர்ந்தால் பள்ளம் மறையும், காம்புகள் பக்கவாட்டில் விரியும், மடி ஈத்துக்கு ஈத்து இறங்கும். பின்னங்கால் முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டால் சாணியிலும் சேற்றிலும் உரசும். படுத்து எழும்போது மாடு தன் காம்பைத் தானே மிதித்துவிடும். கிருமிக்கு வேறு வாசல் வேண்டாம்.

ஜெர்சி சிறு உடம்பு. பால் அளவு குறைவு, கொழுப்போ 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பல நாடுகளில் ஹோல்ஸ்டீனைவிடக் கூடுதல் ஈத்து நிற்கிறது. தமிழகத்தில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்று வைத்திருப்பது வெயிலை நினைத்து. நம் காங்கேயம் மாட்டுக்கு மடி சிறிது, பாலும் கொஞ்சம். உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த இனம் அது. அதற்காக நாட்டு மாடு என்றாலே மடி நல்லது என்று நம்பிவிட வேண்டாம். குஜராத்தின் கிர் மாடுகளில் தொங்கு மடியும் பருத்த காம்பும் உண்டு. பிறந்த கன்று அந்தக் காம்பை வாயில் பிடிக்கவே திணறும்.

நார்வேக்காரர்கள் 1978-லிருந்தே காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மகள்களுக்கு மடிநோய் வந்ததா என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு பசு நீண்டநாள் நிற்பது பெரும்பாலும் தீனியையும் பராமரிப்பையும் பொறுத்தது. மடியின் அமைப்பு அதைவிட நன்றாகவே வம்சவழியில் இறங்குகிறது. ஆகவே சினை ஊசி போட வருபவரிடம் காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்பதோடு, மகள்களின் மடி எப்படி என்றும் கேளுங்கள்.

இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று. கறந்து முடித்த பிறகும் காம்புத் துளை அரை மணி நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு தரையில் படுக்கக் கூடாது. கறந்த கையோடு பசுந்தீவனத்தை முன்னால் போடுங்கள், நின்று தின்னட்டும்.