இரண்டாவது பிரதி

ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைச் சேலத்துக்காரர்கள் தினமும் கடந்து போகிறோம். டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவின் படங்களை இன்றும் பார்க்க முடிகிறதென்றால், யாரோ பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

கல்யாண வீடியோவை வெளி ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டு, போனில் அழித்துவிடுகிறோம். அப்போது அதுவும் ஒற்றைப் பிரதிதானே! பெரும்பாலான வெளி ஹார்டு டிஸ்குகளுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஓடும்போது கீழே விழுந்தால், படிக்கும் முனை தட்டைக் கீறிவிடும். அதனால் இரண்டு வாங்குங்கள். பதிந்ததும் கழற்றி, ஒன்றைச் சேலத்திலும் மற்றதை நாமக்கல்லில் தங்கச்சி வீட்டிலும் வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது இணைத்து, வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.