இடது கை பாக்கி



தலைமுடியைப் பின்னுகிறோம், கூடையைப் பின்னுகிறோம், ஸ்வெட்டரையும் பின்னுகிறோம். தமிழில் இத்தனைக்கும் ஒரே சொல்தான். என் வீட்டில் பன்னிரண்டு வருஷம் இரண்டு பின்னல்கள் நடந்தன. காலை ஏழரைக்கு மகளுக்கு இரட்டைச் சடை. இரவு அடுப்படியை ஒழித்துப் போட்ட பிறகு ஊசியும் உல்லன் நூலும். போன வருஷம் அவள் கல்லூரிக்குப் போனாள். மறுநாள் காலை ஏழரைக்குச் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றேன். வந்து நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்புகிற அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த வருஷத்தில் நம் கைவேலையை எங்கே வைப்பது? மூட்டை கட்டி மச்சில் போடுவதா, மடியிலேயே வைத்துக்கொள்வதா? நான் முதலில் மச்சில்தான் போட்டேன். அது தவறு என்று மகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

நாங்கள் இருப்பது குன்னூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். இங்கே ஸ்வெட்டர் என்பது பிள்ளைகளின் பள்ளி யூனிஃபார்மில் ஒரு பாகம். நான் பிறந்ததோ நாகர்கோவில். கம்பளியே தேவைப்படாத ஊர், ஆனால் நூல்வேலைக்குப் பேர்போன ஊர். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் அங்கே வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தினார். எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்த கையோடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசு பள்ளி நடக்க உதவியது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், படிப்பும் பின்னலும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று கைகொடுத்து நடந்திருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அது தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிற லேஸ். என் அம்மா கையில் இருந்தது குரோஷா ஊசி. வாசல் திண்ணையில் உட்கார்ந்து மேசைவிரிப்புக்கு ஓரம் பின்னுவாள். "மக்களே, இங்க வந்து இரி" என்று பக்கத்தில் அழைத்து வைத்துக்கொள்வாள். நான் கல்யாணமாகி மலைக்கு வந்தபின், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் இரண்டு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

மகள் பிளஸ் டூவுக்குப் போன ஜூன் மாதம் உறவில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் ஊசியும் கையுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளை பப்ளிக் எக்ஸாம் எழுதப் போகுது, நீ ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கே" என்றார். சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே நூல், ஊசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மச்சில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப்பின் இரவுகளில் என்ன செய்தேன் தெரியுமா? அவள் படிக்கிற மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் ஒன்றுமில்லை. கண் முழுக்க அவள்மேல். பக்கம் திருப்புகிறாளா, ஜன்னலைப் பார்க்கிறாளா, போனை எடுக்கிறாளா. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "முடிச்சிட்டியா?" கட் ஆஃப் மதிப்பெண் என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குப் போடுகிற கணக்கு. அந்த 200 எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில்கூட வந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் கழித்து அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீபாவளி முடிந்த பிறகு ஒரு ராத்திரி அவளே ஸ்டூல் போட்டு மச்சில் ஏறி அந்தப் பையை இறக்கினாள். என் மடியில் வைத்தாள். "எதையாச்சும் பின்னும்மா. சும்மா உக்காந்து என்னையே பாக்காதே" என்றாள். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

மறுநாள் முதல் அவள் மறுபடி கூடத்துக்கு வந்தாள். நான் எதிர் நாற்காலியை விட்டுப் பக்கத்து நாற்காலிக்கு மாறினேன். என் கண் ஊசிமேல், அவள் கண் புத்தகத்தில். ஊசியோடு ஊசி உரசுகிற அந்தச் சின்னச் சத்தம் மட்டும். அரை மணி நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, "அம்மா, எனக்கு கெமிஸ்ட்ரி சுத்தமா வரல" என்றாள். நானும் தலையைத் தூக்காமலே, "எது வரல?" என்றேன். வளர்ந்த பிள்ளை நம் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுவதை, நம் கை வேலையாக இருக்கும்போது சொல்லிவிடுகிறது. திண்ணையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அதை எப்படி மறந்தேனோ.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அதற்குப்பின் ஓட்டம்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடை. கலந்தாய்வு இணையத்தில் நடப்பதால் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்கிற வேலை. அந்த வரிசையில் எதை முன்னால் போடுவது என்று வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. இந்த நாட்களில் ஸ்வெட்டரைக் கையில் எடுக்க முடியாது. ஊசியில் நூற்றுக்குமேல் கண்ணி நிற்கும். நடுவில் "டோக்கன் நம்பர் 42" என்று கூப்பிட்டால் எழுந்து ஓடுகிற அவசரத்தில் ஒரு கண்ணி நழுவினாலும், அது கீழ்வரிசைவரை ஏணிபோலப் பிரிந்து இறங்கிவிடும். குரோஷாவில் அந்தப் பயம் இல்லை. எத்தனை பெரிய வேலையானாலும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால் கைப்பையில் குரோஷா ஊசியும் மிச்சம்மீதி நூலும் வைத்துக்கொண்டு, காத்திருந்த இடமெல்லாம் உள்ளங்கை அளவு சதுரம் சதுரமாகப் பின்னினேன். சேர்க்கை முடிவதற்குள் முப்பத்தாறு சதுரங்கள் சேர்ந்தன. ஒன்றாகத் தைத்து அவள் கட்டிலுக்கு விரிப்பாக்கிவிட்டேன். இந்த வருஷம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற அம்மாக்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அலைச்சல் மாதத்துக்குக் குரோஷா, உட்காரக் கிடைக்கிற மாதத்துக்கு ஸ்வெட்டர் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சென்னையில் இடம் கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அன்று ராத்திரி அலமாரியைத் திறந்து நின்றபோது ஒரு விஷயம் மனதில் உறைத்தது. பதினேழு வருஷமாக நான் இவளுக்குப் பின்னியதெல்லாம் கம்பளி. இவள் போகிற ஊரிலோ மார்கழியில்கூட மின்விசிறி சுற்றும். பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்ப என் கையால் செய்தது எதுவும் உதவாது. கீழே திருப்பூரிலிருந்து வருகிற பனியன் துணிதான் அங்கே அவள் உடம்புக்குத் தோது. அதுவும் கண்ணிக்குள் கண்ணி கோத்த பின்னல் துணிதான், பருத்தி நூலில் மெஷின் பின்னுகிறது. என் கைக்கு அதில் வேலையில்லை.

இதை அவளிடமே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க எதுக்கும்மா? இங்க வீட்டுல இருக்கட்டும். லீவுக்கு வரும்போது போட்டுக்கிறேன். புதுசா ஒண்ணு போடு" என்றாள்.

சாம்பல் நிறத்தில் புது நூல் வாங்கினேன். ஓரத்துக்கு வேறு நிறம் வேண்டும். அவள் நாலு வயதில் போட்ட மஞ்சள் ஸ்வெட்டர் பத்திரமாக இருந்தது. நல்ல அசல் கம்பளி. அதைப் பிரித்துவிடலாம் என்றாள் அவளே. எனக்கு மனசு வரவில்லை. பிரிப்பது என்ற சொல்லும் அந்த வாரத்தில் என் காதுக்கு நன்றாக இல்லை.

ஆனால் பிரித்தோம். கழுத்துப் பக்கம் முடிந்த இடத்தைத் தேடிப்பிடித்துக் கத்தரிக்கோல் நுனியால் ஒரே ஒரு முடிச்சை வெட்டினேன். நூலை இழுத்தவுடன் ஒவ்வொரு கண்ணியாகச் சின்னச் சின்னத் துள்ளலோடு கழன்று வந்தது. கடைசியாகப் பின்னியது முதலில் பிரிந்தது. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டாள். அவள் கைகளைச் சுற்றிச் சுற்றி நூலைச் சிட்டம் போட்டேன். பிரித்த கம்பளி நேராக வராது. சுருள் சுருளாக, சடையை அவிழ்த்த முடிபோல நெளிநெளியாக வரும். பதிமூன்று வருஷம் ஒரே மடிப்பில் இருந்த நூல் அல்லவா.

பாதி ஸ்வெட்டர் பிரிந்திருக்கும். நீட்டிய கையோடு, நூலுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான் பாப்பா" என்றேன்.

ஹாஸ்டலில் கூட இருக்கப்போகிறவர்கள் எப்படி இருப்பார்களோ, ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் புரியுமா, உடம்புக்கு முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொன்றாக வந்தது. நூல் தீரும்வரை பேசினோம். நான் பதில் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சிட்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் பிழிந்து, கீழே கனத்துக்கு ஒரு டம்ளரைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் நெளிவு போய் நூல் நேராகிவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் ஊசியில் மஞ்சளில் இடுப்புப் பட்டி, பத்தாம் நம்பர் ஊசியில் சாம்பலில் உடம்பு. முதுகுக்கு 118 கண்ணி. முதுகு முடிந்தது, முன்பக்கம் பாதியில் இருந்தது. கிளம்புகிற தேதி வந்துவிட்டது.

மேட்டுப்பாளையம்வரை நாங்களும் இறங்கினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. பர்லியார் தாண்டியதும் அவள் பழைய ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் அவளும் அவள் அப்பாவும் ஏறினார்கள். நான் அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் மலை ஏறினேன்.

அந்த வாரம் நான் பின்னிய நாலு விரல் அகலம் இன்றும் அந்த முன்பக்கத்தில் தனியாகத் தெரியும். மனசு இறுகினால் கையும் இறுகும். கண்ணிகள் ஊசியைவிட்டு நகரவே மறுத்தன. அப்போது பின்னியது பக்கத்து வரிசைகளைவிட அடர்த்தியாகக் கெட்டிப்பட்டு நிற்கிறது. பிரித்துத் திருப்பிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

முதல் பத்து நாள் வெறிபிடித்ததுபோலப் பின்னினேன். முன்பக்கம் முடிந்தது, கழுத்து முடிந்தது, வலது கை முடிந்தது. ராத்திரி ஒன்பதுக்கு அவள் போன் வரும். அந்த நேரம் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிடுவேன். பிறகு ஒருநாள் வைக்காமலே பேசிப் பார்த்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் பின்னிக்கொண்டே கேட்டேன். "சாப்டியா, தூங்கினியா" என்ற என் கேள்விகள் குறைந்தன. அவள் பேசுவது நீண்டது. ஊசிச் சத்தம் கேட்கிறது என்றாள். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

இடது கையை மட்டும் நான் ஆரம்பிக்கவில்லை. அதற்கு வேண்டிய மஞ்சள் நூல்கண்டைத் தனியாக எடுத்து வைத்தேன்.

தீபாவளிக்கு வந்தாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்கினாள். மெலிந்திருந்தாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். இனி சடைக்கு எட்டாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கா?" என்று அவளே கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது, சொன்னேன்.

அன்று ராத்திரி ஒரு கை இல்லாத அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கையை நீட்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை நாடாவை வைத்து அளந்தேன். பன்னிரண்டாம் நம்பர் ஊசியை எடுத்து மஞ்சள் நூலில் முதல் கண்ணியைப் போட்டேன்.

"லீவு அஞ்சு நாள்தாம்மா. முடிஞ்சிடுமா?" என்றாள்.

"முடியாட்டி பொங்கலுக்கு" என்றேன். அவள் காலை மடக்கிச் சாய்ந்துகொண்டு ஹாஸ்டல் கதையை ஆரம்பித்தாள். நான் கண்ணிகளை எண்ணிக்கொண்டே கேட்டேன்.