கடனா, களிம்பா?
(மன்றத்துக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கிறிஸ்து பிறர் பாவத்துக்காக மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று கிறிஸ்தவ சகோதரர் நம்புகின்றனர். சைவராகிய நாம் இவ்விரு கொள்கைகளையும் எவ்வாறு நோக்குவது? இன்று பேசும்படி நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் இதுவே. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் லயங்களில் ஒரு காம்பராவில் மாரியம்மன் படமும் அடுத்த காம்பராவில் சிலுவையும் தொங்குகின்றன. அண்ணன் கோயிலுக்குப் போகிறான். தம்பி ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் மறுதரப்பார் என்ன சொல்கிறார் என்பதை அறியாமல் மறுப்பது வாதமாகாது, வசையாகும்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள். பார்சிவல் பாதிரியாரோடிருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர் அவர். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சாயிற்று. 1854 இல் நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியிட்டார். கோயில், தூபம், தீபம், நைவேத்தியம் ஆகியவற்றைப் பழித்த பாதிரிமாருக்கு அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலிருந்தே மேற்கோள் காட்டி விடை கூறினார். எதிரியின் நூலை அவரினும் நன்றாகக் கற்றிருந்தமையே அவருடைய வலிமை.

அதே 1854 இல் இந்த மலைநாட்டிலும் ஒரு காரியம் தொடங்கியது. சர்ச் மிஷன் சங்கத்தார் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதை நிறுவினர். அதன் பெயரே அக்காலத்தார் நம்மவரை எப்படி நோக்கினர் என்பதைச் சொல்லிவிடும். தோட்டத் துரைமார் ஆதரவு கொடுத்தனர். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். நம் மக்களின் தமிழையே பேசினர். அவர்கள் சொன்ன செய்தி: மனிதன் பாவத்தால் கடனாளியானான், அக்கடனை அவனால் தீர்க்க இயலாது, வேறொருவர் தம் இரத்தத்தால் தீர்த்து அவனை மீட்டார் என்பது.

இச்சொற்கள் அக்காலத் தொழிலாளியின் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘துண்டு’ என்றொரு முறை அன்று இருந்தது. துண்டு என்பது துரை கங்காணிக்குக் கொடுக்கும் சீட்டு. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுவோர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. வேறு தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆட்களைக் கொண்டுபோவார். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் இம்முறை ஒழிந்தது. ஆகவே ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு விளக்கவுரை அவனுக்கு வேண்டியிருந்திராது. கடன் என்றால் என்னவென்று அவன் முதுகு அறியும். ஆனால் ஒன்று: துண்டு மாறினால் கடன் அழிவதில்லை, கடன்காரர்தாம் மாறுவார்! உண்மையில் கடனை அழிக்கும் ஒருவர் உண்டு என்று கேட்டபோது சிலர் மனம் அங்கே சென்றதில் வியப்பென்ன? அரிசிக்காக மாறினார்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. அது முழு உண்மையாகாது என்பதே நம் கருத்து.

இனிக் கொள்கைக்கு வருவோம். கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பதில் திருச்சபைகள் யாவும் ஒன்றுபடுகின்றன. அம்மரணம் எவ்வாறு பயன் தருகிறது என்பதில் அவை ஒன்றுபடவில்லை. சாத்தானிடமிருந்து மீட்கக் கொடுத்த விலை என்றனர் ஆதிகாலத்து ஆசிரியர் சிலர். இறைவனுடைய மாட்சிக்கு நேர்ந்த குறையை நிறைவு செய்தது என்று 1098 அளவில் ஆன்செல்ம் எழுதினார். அந்த அன்பைக் கண்டு மனித நெஞ்சம் உருகுவதே பயன் என்றார் 12 ஆம் நூற்றாண்டு அபெலார்ட். நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்று 16 ஆம் நூற்றாண்டில் கால்வின் வற்புறுத்தினார். நம் தோட்டங்களில் பெரும்பாலும் கேட்பது இந்தக் கடைசி விளக்கமே. ஆகவே ‘குற்றமற்றவனைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவது நீதியா?’ என்று நம் இளைஞர் கேட்கும் கேள்வி கால்வினைத் தொடும், அபெலார்டைத் தொடாது. மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் ஆகமம் 18 ஆம் அதிகாரமும் கூறுகிறது. பிறருக்காகப் பாடுபடும் ஊழியனைப் பற்றி ஏசாயா 53 ஆம் அதிகாரம் கூறுகிறது. இரண்டையும் படித்துவிட்டே பேச வேண்டும்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேற்றுமை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அவர்கள் ஆதிமனிதன் செய்த ஒரு மீறுதலிலிருந்து தொடங்குகிறார்கள். சைவசித்தாந்தமோ உயிரின் குறையை எவரோ செய்த குற்றமாகக் கொள்ளவில்லை. செம்பில் களிம்புபோல ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியிருக்கிறது. கடனென்றால் கட்ட வேண்டும். ஒருவருக்காக மற்றொருவர் கட்டவும் கூடும். களிம்பை அப்படித் தீர்க்க முடியுமா? உன் செம்புக்காக நான் என் வீட்டில் என் செம்பைத் துலக்கினால் என் செம்புதான் பளபளக்கும். நமக்கு வேண்டியது நீதிமன்றமன்று, வைத்தியசாலை. இறைவன் வைத்தியநாதன்.

‘அப்படியானால் உங்கள் சமயத்தில் இரக்கமே இல்லை, வினை தன் கணக்கைத் தீர்த்தே விடும்’ என்பர். அன்று. வினை சடம்; தானே வந்து பற்றாது. அதைக் கூட்டுவிப்பவன் இறைவன், கூட்டுவிப்பதும் மலம் பழுத்து நீங்குதற்பொருட்டே. தீட்சையில் குருவின் அருளால் சஞ்சிதம் எரிந்துபோகிறது. பிராரத்தம் உடலோடு கழிகிறது. ஆகாமியம் ஏறாமல் அருள் காக்கிறது.

இவ்வளவு நூலில் இருந்தும் நம்மவர் வாயில் வருவது என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘உன் தலைவிதி, போன பிறவிப் பாவம்’ என்கிறோம். 1948 இல் சட்டம் நம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அதற்கும் ஊழ்வினை என்று பெயர் சூட்டியவர் உண்டு. பாராளுமன்றம் கைதூக்கி நிறைவேற்றியதை ஈசன் தலையில் ஏற்றலாமா? அந்தத் தாயிடம் ஒரு போதகர் வந்து, ‘அம்மா, உன் துக்கத்தைச் சுமந்தவர் ஒருவர் இருக்கிறார்’ என்கிறார். அவள் எந்த வாசலுக்குப் போவாள்?

அவளுக்குச் சொல்ல நம்மிடம் கதை இல்லையா? திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலம் 61 ஆவது. வையை பெருகியது, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வேண்டும். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாய் வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றார். கூடை தூக்கி மண் சுமந்தார். பங்கு அடைபடவில்லையென்று பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி பாண்டியன் மேலும், அரசியர் மேலும், சகல உயிர்கள் மேலும் பட்டது. கிறிஸ்தவக் கொள்கையில் எல்லோர்மேலும் விழவேண்டிய அடி ஒருவர்மேல் விழுந்தது. மதுரையிலோ ஒருவர்மேல் விழுந்த அடி எல்லோர்மேலும் விழுந்தது. முன்னதில் ஒருவர் நமக்குப் பதிலாக நிற்கிறார். பின்னதில் ஏழைக் கூலியாளை அடித்தவன் தன்னையே அடித்துக்கொள்கிறான். நீலகண்டர் நஞ்சுண்ட கதையைத்தான் பலர் இவ்வாதத்தில் எடுத்துக் காட்டுவர். கூடை சுமக்கும் இம்மலைநாட்டில் மண் சுமந்த கதையே நம் நெஞ்சுக்கு அண்மையது என்போம்.

நிற்க. உயிர்த்தெழுதல் பற்றி இந்நாட்டில் பகிரங்க வாதம் நடந்ததுண்டு. 1871 இல் கம்பளையிலும், 1873 ஆகஸ்டு 26, 28 ஆகிய நாட்களில் பாணந்துறையிலும் பௌத்தரும் கிறிஸ்தவரும் மேடையேறினர். பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் நாவன்மை பெரும் கூட்டத்தைக் கவர்ந்தது. பௌத்த எழுச்சிக்கு அது தூண்டுகோலாயிற்று. சாட்சிகளின் முரண்பாடு அத்தகைய வாதங்களின் ஆயுதம். அது இன்றும் கூரியதே. மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய இரு பெரும் பிரதிகள், பெண்கள் வெறுங்கல்லறை விட்டு அஞ்சி ஓடும் 16 ஆம் அதிகாரம் 8 ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. மறுபுறம், கி.பி. 55 அளவில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் சுவிசேஷங்களுக்கும் முந்தியது. எழுந்த கிறிஸ்துவைக் கண்டோரின் பட்டியல் அதிலேயே உண்டு. இது பொய்யானால் தம் பிரசங்கமே வீண் என்று பவுல் தாமே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் ‘செத்தவர் பிழைப்பாரா?’ என்று ஏளனம் செய்ய சைவனுக்கு வாயில்லை. மயிலையில் எலும்பிலிருந்து பூம்பாவையை எழுப்பினார் சம்பந்தர். அவிநாசியில் முதலையுண்ட பாலனை மீட்டார் சுந்தரர். நம் தோட்டத்திலேயே மாசியில் காமன் ஊன்றி, எரித்து, ரதியின் அழுகைக்கு இரங்கி மீண்டும் எழுப்புகிறோம். பொன்னர் சங்கர் கூத்தில் படுகளம் கிடந்தவர் எழும்போது கண்ணீர் விடாதவர் யார்? வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. பூம்பாவை பெற்றது இழந்த இவ்வாழ்வையே. கிறிஸ்து பெற்றது இனி மரணமில்லாத வேறோர் உடல், மற்றவர்க்கும் அதுவே கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாமோ உடலை மீண்டும் வேண்டுபவரல்லர், பிறவாமையை வேண்டுபவர். நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் மணத்துக்கு வந்தோர் யாவரையும் அழைத்துக்கொண்டு சோதியில் கலந்தார். அதுவே நம் முடிவு.

பாணந்துறையின் தொனி இன்று நமக்கு ஆகாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் வழிபட்டவர்கள் குண்டுகளால் மாண்டனர். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய சைவக் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு போதகரை அழைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் கேட்க வேண்டியது: கடன் முழுவதும் தீர்ந்ததென்றால், நம்பாதவனிடம் அது மீண்டும் வசூலிக்கப்படுவது ஏன்? அவர் நம்மைக் கேட்கக்கூடியது: முற்பிறவியை நினைவில் கொள்ளாத குழந்தை அதன் வினையை ஏன் அனுபவிக்க வேண்டும்? இரண்டாம் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு வாருங்கள். முதலாவதைக் கேட்க ஆள் நிறைய உண்டு.