பரவாயில்லை என்றொரு சொல்



கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்குள் ஒரு ஜப்பானியச் சொல் குடிபுகுந்திருக்கிறது. அது வந்த கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் ராத்தாவின் மகன் ஜப்பானில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். போன முதல் மாதம், தன் அறையில் ஆக்கிய மீன் ஆணத்தைக் கூட வேலை செய்பவர்களுக்கும் கொஞ்சம் கொண்டுபோயிருக்கிறான். வாயில் வைத்த ஓர் இளம்பெண் கண்களை விரித்து, "யபாய்!" என்று கத்தினாளாம். மொழி வகுப்பில் அச்சொல்லுக்கு 'ஆபத்து, மோசம்' என்றே அவன் படித்திருந்தான். வெட்கத்தோடு பாத்திரத்தை மூடிவிட்டான். 'என்ன ருசி!' என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னாள் என்பதை அறிய அவனுக்கு இரண்டு கிழமை சென்றது.

'யபாய்' பிறந்த இடம் நல்ல இடமன்று. பிடிபடும் ஆபத்தைக் குறிக்கக் கள்வர்களும் தெரு வியாபாரிகளும் தமக்குள் வழங்கிய சொல் அது. நன்னூலார் இதைத்தான் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று தமக்குள் சொல்வது போன்றது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் இளைஞர்கள் அச்சொல்லைத் தலைகீழாக்கி, வியந்து பாராட்டவும் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானியக் கலாசார அலுவல்கள் முகவரகம் 2014ஆம் ஆண்டுக்கென நடத்திய மொழிக் கணிப்பில், 16 முதல் 19 வயது வரையானோரில் பத்துக்கு ஒன்பது பேர் 'மிகச் சிறப்பு' என்ற பொருளில் அதை வழங்குவதாகச் சொன்னார்கள். எல்லா வயதினரையும் சேர்த்தாலோ நான்கில் ஒரு பங்கினர் அளவுதான். ஆகவே சொன்னவரின் வயதும் அச்சொல்லின் பொருளில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இதைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். 'இதென்ன பாஷை!' என்றார்கள். ஆனால் சிரிக்க நமக்கு உரிமை உண்டா? திருக்குறளில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம். நம் பிள்ளைகள் 'பயங்கர ருசி' என்கிறார்கள். காராட்டை வெள்ளாடு என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கு என்று இலக்கணம் படித்தவர்கள் நாம். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் தோணியேறியவர்கள் 'போறன்' என்றா சொன்னார்கள்? முதுகைக் காட்டிக்கொண்டே 'வாறன்' என்றுதானே சொன்னார்கள்!

மருமகன் இன்னொரு சொல்லையும் கற்றுத் தந்தான். 'தைஜோபு'. 'ஒன்றுமில்லை, நலம்' என்பது அதன் பொருள். ஆனால், 'பை ஒன்று தரவா?' என்று கடைக்காரர் கேட்கையில் 'தைஜோபு' என்றால், 'வேண்டாம்' என்று அர்த்தம். கேட்டவுடன் எனக்கு நம்முடைய 'பரவாயில்லை' நினைவுக்கு வந்தது. தேநீர் தரும்போது சொன்னால் வேண்டாம் என்பது. காலை மிதித்தவரிடம் சொன்னால் மன்னிப்பு. பிள்ளையின் பரீட்சை முடிவைப் பற்றிச் சொன்னால் ஒரு மெல்லிய பாராட்டு.

நேயர்களே, இங்கேதான் என் சிரிப்பு நின்றது. ஒருநாள் ராத்தா தொலைபேசியில், "எப்படி மகன் இரிக்காய்?" என்று கேட்டார். "பரவாயில்ல உம்மா," என்றான். ராத்தா மகிழ்ந்து போனார். பக்கத்திலிருந்த நானும் அதை நலச் செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். சில நாட்கள் கழித்து அவன் அனுப்பிய படமொன்றில், இடது கையில் கட்டு. கொதியெண்ணெய் தெறித்துக் கை வெந்திருக்கிறது. நாங்கள் கதைத்ததற்கு முதல் நாள்!

அவன் பொய் சொல்லவில்லை. 'நலம்' என்று நாங்கள் கேட்ட சொல்லுக்குள், 'உம்மா, கேட்காதீங்க' என்பதையும் அவன் வைத்திருந்தான். ஜப்பானியச் சொல்லை விளங்க இரண்டு கிழமை எடுத்தான் என்று அவனைக் கேலி செய்தவர்கள் நாங்கள். பிறந்தது முதல் பேசும் சொல்லை எங்களால் விளங்க முடியவில்லை.

இரு பொருள் கொண்ட சொல்லுக்கு அகராதி பாதி விளக்கம்தான் தரும். மீதி, சொல்பவரின் முகத்திலும் குரலிலும், சொல்லுமுன் விட்ட மூச்சிலும் இருக்கிறது. கடல் கடந்த பிள்ளைகளோடு கதைக்கும்போது முகம் தெரிவதில்லை. குரலையாவது கவனித்துக் கேட்க வேண்டும்.

ராத்தா இப்போது 'எப்படி இரிக்காய்' என்று கேட்பதில்லை. "இண்டைக்கு என்ன ஆணம்?" என்று கேட்கிறார். அவன் மீனின் பெயரிலிருந்து தொடங்கி விரிவாகச் சொன்னால் ராத்தாவின் முகம் மலரும். 'பரவாயில்ல' என்று முடித்தால், மறுபடியும் கேட்கிறார்.